ஹார்லெம் கிளப்பின் 120 ஆண்டு: ஒரு டச்சுக் கால்பந்து அணி எழுந்ததும் மூடப்பட்டதும்

2010 ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. ராட்டர்டாமில் எக்ஸெல்சியர் அணியிடம் எச்.எஃப்.சி. ஹார்லெம் 0-3 என்று தோற்றது. திங்கட்கிழமை, 25ஆம் தேதி, நீதிமன்றம் கிளப்பைத் திவால் என்று அறிவித்தது. 1889 அக்டோபர் 1 அன்று தொடங்கிய அணி அத்தோடு தொழில்முறைக் கால்பந்தை விட்டு வெளியேறியது. சீசனில் அதுவரை அது ஆடிய ஆட்டங்கள் அத்தனையும் புள்ளிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

ஏதோ ஒரு குளிர்காலத்தில் பணம் தீர்ந்து போனதால் ஹார்லெம் மூடப்படவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வந்த காரணங்கள் அன்று ஒன்றாக வந்து நின்றன என்பதே எங்கள் கணிப்பு. அவற்றுள் மிக முக்கியமானதைப் பலரும் பேசுவதே இல்லை: அந்த அணி ஆடிக்கொண்டிருந்த லீகின் அமைப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

எந்த ஹார்லெம்?

நியூயார்க்கின் ஹார்லெமுக்குப் பெயர் கொடுத்தது நெதர்லாந்தில் உள்ள இந்த நகரம்தான். ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே, சுமார் ஒன்றரை லட்சம் மக்கள் வாழும் ஊர். நாட்டின் முதல் ரயில் 1839இல் ஓடியது இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில். இன்று பயணம் கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இந்தக் கால்மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். இதே ஊரில் 'கோனிங்க்லெக்க எச்.எஃப்.சி.' என்று ஒரு கிளப் உண்டு. 1879இல் பிம் முலியர் தொடங்கியது. நாட்டிலேயே பழைய கால்பந்து கிளப் என்று போற்றப்படுவது. பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எழுதுபவர்கள் உண்டு. நாம் பேசுவது பத்து ஆண்டு இளைய அணியைப் பற்றி: நீலச் சட்டை, சிவப்புக் கால்சட்டை. அதனால் ஊரார் வைத்த பெயர் 'ரோட்புரூக்கன்', அதாவது சிவப்புக் கால்சட்டைக்காரர்கள். 1907 முதல் அதன் மைதானம் நகரின் வடக்கே யான் கைசன்கடெ என்ற கால்வாய்க் கரையோரம் இருந்தது.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. தேசியக் கோப்பையை 1902இலும் 1912இலும் வென்றது. ஆனால் கிளப்பின் உண்மையான உச்சம் 1946. போர் முடிந்து நடந்த முதல் முழு சீசனில் நாட்டை ஆறு பிரிவுகளாக்கி, பிரிவுக்கு ஒருவராக வென்ற ஆறு அணிகளைத் தங்களுக்குள் மோத விட்டார்கள். ஆயாக்ஸ், ஹீரன்வீன், என்.இ.சி., லிம்பர்கியா, என்.ஏ.சி. ஆகிய ஐந்தையும் பின்னுக்குத் தள்ளி ஹார்லெம் தேசியச் சாம்பியன் ஆனது. அணியின் முகம் கிக் ஸ்மிட். நெதர்லாந்துக்காக 29 ஆட்டங்களில் 26 கோல் அடித்தவர், 1934, 1938 உலகக் கோப்பைகளில் ஆடியவர். போருக்குப் பின் டச்சுச் சிறுவர்கள் விரும்பிப் படித்த ஒரு சித்திரக்கதை நாயகனுக்குக் கிக் வில்ஸ்த்ரா என்று பெயர். கிக் ஸ்மிட், ஃபாஸ் வில்கஸ், ஆபெ லென்ஸ்த்ரா என்ற மூன்று ஆட்டக்காரர்களின் பெயர்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோத்த பெயர் அது. அதன் முதல் துண்டு ஹார்லெமுடையது.

ஏறி இறங்கிய ஆண்டுகள்

நெதர்லாந்தில் ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கும் முறை 1954-55இல்தான் வந்தது. முதல் பிரிவான ஏரெடிவிசி 1956இல் தொடங்கியது. ஹார்லெம் அதில் இடம் பிடிக்கப் பல ஆண்டு ஆனது. அதன்பின் முதல் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவான ஏர்ஸ்டெ டிவிசிக்கும் இடையே மேலும் கீழுமாகப் போய் வந்தது. 1972, 1976, 1981 என மூன்று முறை இரண்டாம் பிரிவை வென்று ஏறியது.

மூன்றாவது ஏற்றம் ரூட் குல்லிட்டுடையது. 1979இல் 16 வயதில் ஹார்லெமுக்கு ஆடத் தொடங்கினார். அவரை இறக்கிவிட்டவர் வேல்ஸைச் சேர்ந்த பயிற்சியாளர் பேரி ஹியூஸ். முதல் சீசன் முடிவில் அணி கடைசி இடத்தில் வந்து இறங்கியது. அடுத்த சீசனில் இரண்டாம் பிரிவை வென்றது, அந்தப் பிரிவின் சிறந்த ஆட்டக்காரராகக் குல்லிட் தேர்வானார். அதற்கடுத்த 1981-82இல் ஏரெடிவிசியில் 4ஆம் இடம். கிளப் வரலாற்றில் அந்தப் பிரிவில் இதைவிட மேலான இடம் இல்லை. ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூஃபா கோப்பைக்கும் முதன்முறையாகத் தகுதி கிடைத்தது. ஆனால் ஐரோப்பிய ஆட்டம் தொடங்கும் முன்பே குல்லிட் ஃபெயனூர்டுக்குப் போய்விட்டார். ஹார்லெமுக்காக அவர் ஆடியது 91 லீக் ஆட்டம், அடித்தது 32 கோல்.

சிறு கிளப்பின் கணக்கு இங்கே தெளிவாகத் தெரிகிறது. குல்லிட் 1985இல் பி.எஸ்.வி.க்கும் 1987இல் உலகச் சாதனைத் தொகைக்கு ஏசி மிலானுக்கும் விற்கப்பட்டார். அந்தப் பெரிய பணத்தில் ஹார்லெமுக்கு விதிப்படி எந்தப் பங்கும் கிடையாது. ஓர் ஆட்டக்காரர் கைமாறும்போது அவரை வளர்த்த கிளப்புகளுக்கு விலையில் 5 சதவீதம் வரை பிரித்துத் தர வேண்டும் என்ற ஃபிஃபா விதி 2001இல்தான் வந்தது. முதல் விற்பனையில் வந்ததே கடைசி.

மாஸ்கோ, 1982 அக்டோபர் 20

முதல் சுற்றில் பெல்ஜியத்தின் ஜென்ட் அணியை மொத்தக் கணக்கில் 5-4 என்று தாண்டிய ஹார்லெமுக்கு அடுத்து வந்தது ஸ்பார்டக் மாஸ்கோ. லுஷ்னிக்கி மைதானத்தில் உறைபனி, சுமார் மைனஸ் 10 டிகிரி. 80,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானத்தில் விற்றவை 16,500 டிக்கெட் அளவே. பனியை அகற்றிச் சுத்தம் செய்த பகுதிகளை மட்டும் திறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கிழக்குப் பக்கம் நெருக்கி உட்கார வைக்கப்பட்டார்கள்.

ஆட்டம் முடியும் வேளையில் அங்கிருந்தவர்கள் ஒரே படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். படிகளில் பனிக்கட்டி. முன்னால் போனவர் விழ, பின்னால் வந்தவர்களுக்கு நிற்க வழியில்லை. ஆள்மேல் ஆள் விழுந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 66 பேர், அவர்களில் பெரும்பாலோர் பதின்வயதினர். கடைசி நிமிடத்தில் ஸ்பார்டக்கின் ஷ்வெட்சோவ் அடித்த இரண்டாவது கோலின் ஆரவாரம் கேட்டு இறங்கியவர்கள் திரும்பியதால்தான் நெரிசல் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அந்தப் பழி அவர்மேல் விழுந்ததே பெரிய கொடுமை. காரணம் கோலில் இல்லை. உறைந்த படிக்கட்டிலும், குறைவாகத் திறந்த வழிகளிலும், கூட்டத்தை ஒரே பக்கம் குவித்த முடிவிலும் இருக்கிறது.

அடுத்த நாள் மாஸ்கோ மாலைச் செய்தித்தாளில் சில வரிகள் வந்தன. அவ்வளவுதான். 1989இல் சோவியத் விளையாட்டு நாளிதழ் எழுதிய பிறகே உலகத்துக்கு அது முழுதாகத் தெரிந்தது. 0-2 என்று தோற்று ஊர் திரும்பிய ஹார்லெம் ஆட்டக்காரர்கள், தாங்கள் ஆடிய மைதானத்தில் இத்தனை பிள்ளைகள் இறந்ததை ஏழு ஆண்டு கழித்தே முழுமையாக அறிந்தார்கள். 25ஆம் ஆண்டான 2007இல் இரு அணிகளின் பழைய ஆட்டக்காரர்கள் மீண்டும் லுஷ்னிக்கியில் நினைவு ஆட்டம் ஆடினார்கள்.

இரண்டாம் ஆட்டத்திலும் 1-3 என்று தோற்று ஹார்லெம் வெளியேறியது. அதன்பின் ஐரோப்பியப் போட்டி எதிலும் அது ஆடவில்லை. ஸ்பார்டக்கின் கோல்கீப்பர் ரினாட் தசாயெவ். 1988 ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராகச் சோவியத் வலையைக் காத்தவரும் அவரே. அதில் முதல் கோலைத் தலையால் முட்டி அடித்தவர் குல்லிட்.

மூடிய கதவுக்குள் 20 ஆண்டு

1990இல் ஹார்லெம் கடைசி முறையாக முதல் பிரிவிலிருந்து இறங்கியது. இனிமேல்தான் ஆய்வின் மையம்.

நெதர்லாந்தின் மூன்றாம் தொழில்முறைப் பிரிவு 1971இல் கலைக்கப்பட்டது. அன்றிலிருந்து 2010 வரை ஏர்ஸ்டெ டிவிசிக்குக் கீழே இறங்கும் இடமே இல்லை. கடைசியில் வந்தாலும் அடுத்த ஆகஸ்டில் அதே லீகில் ஆடலாம். ஒரு கிளப் தொழில்முறைக் கால்பந்தை விட்டுப் போக ஒரே வழி பணவழி: உரிமத்தை இழப்பது அல்லது திவாலாவது.

சிறு கிளப்புகளுக்கு இது பாதுகாப்பு என்றுதான் நினைத்தார்கள். விளைவு நேர்மாறாக இருந்தது என்பது எங்கள் கருத்து. இறங்கும் அபாயம் இருக்கும் லீகில் கடைசி ஐந்து அணிகளின் ஆட்டத்துக்கும் மார்ச், ஏப்ரலில் கூட்டம் வரும். வாழ்வா சாவா என்றிருக்கும். ஹார்லெமின் வசந்தகால ஆட்டங்களில் அப்படி எதுவும் இல்லை. ஏறுவதற்கும் வாய்ப்பில்லை, இறங்குவதற்கும் இடமில்லை. கால்மணி நேர ரயில் தூரத்தில் ஆம்ஸ்டர்டாமின் ஆயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் ஆடிக்கொண்டிருக்கும்போது, இதைப் பார்க்க டிக்கெட் வாங்குபவர் பழைய விசுவாசி மட்டுமே. அந்த விசுவாசிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது.

கெட்ட அணிக்குத் தண்டனை கிடைக்காததால் இன்னொன்றும் நடந்தது. நிஜமாகவே கட்டுப்படியாகும் அளவுக்குக் கிளப்பைச் சுருக்கி, அமெச்சூர் கால்பந்துக்கு மானத்தோடு இறங்கிக் கடனை அடைத்துவிட்டு மறுபடி ஏறும் வழி யாருக்கும் கிடைக்கவில்லை. தொழில்முறை அணியாக இரு, இல்லையேல் இல்லாமல் போ. நடுவில் எதுவும் இல்லை.

இரண்டாவது அடி 1995 டிசம்பர் 15இல் வந்த போஸ்மன் தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு இனி விலை கேட்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆட்டக்காரரின் உரிமை என்ற வகையில் அது நியாயமான தீர்ப்பு. ஆனால் ஹார்லெம் போன்ற கிளப் பிழைத்ததே ஆட்டக்காரர்களை வளர்த்து விற்றுத்தான். ஜானி மெட்கட் இங்கிருந்து ஏ.இசட். கிளப்புக்குப் போய்ப் பின்னர் ரியல் மாட்ரிட் வரை சென்றார். ஆர்தர் நுமன் 1987 முதல் 1991 வரை இங்கே ஆடிவிட்டுப் போய், 1998 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் இடது பின்காவலில் நின்றார். போஸ்மனுக்குப் பிறகு இப்படி ஒருவரை விற்க வேண்டுமானால் அவரோடு நீண்ட ஒப்பந்தம் போட வேண்டும். நீண்ட ஒப்பந்தம் என்றால், அவர் தேறாமல் போனாலும் மூன்று நான்கு ஆண்டு சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். கையில் காசில்லாத கிளப் குறுகிய ஒப்பந்தம் போடும். நல்ல பையன் இலவசமாகப் போய்விடுவான்.

மூன்றாவது, மைதானம். யான் கைசன்கடெ மைதானம் கடைசிக் காலத்தில் சுமார் 3,400 பேர் கொள்ளும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நகரின் கிழக்கு ஓரத்தில் ஊஸ்ட்போர்ட் பகுதியில் புது மைதானம் கட்டும் திட்டம் பல ஆண்டு பேச்சிலேயே இருந்தது, கட்டப்படவில்லை. இப்படிக் காத்திருப்பது இரட்டை நஷ்டம். போகப் போகிற இடம் என்பதால் பழைய மைதானத்தில் யாரும் பணம் போட மாட்டார்கள். ஸ்பான்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போடும் அறைகள்தான் இரண்டாம் பிரிவு கிளப்புக்கு உண்மையான வருமானம். அவை இல்லாத மைதானத்தில் ஊர் வணிகர் விளம்பரப் பலகை ஒன்று வைப்பார், அதோடு சரி.

பணம் ஏன் ஜனவரியில் தீர்கிறது?

டச்சு இரண்டாம் பிரிவு கிளப்பின் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. சீசன் டிக்கெட் பணமும் ஸ்பான்சர்களின் முதல் தவணையும் கோடையில் மொத்தமாக வந்து சேரும். சம்பளம் மாதாமாதம் போகும். சம்பளத்தில் பிடித்த வரியையும் மாதாமாதம் கட்ட வேண்டும். டிசம்பர் கடைசியில் குளிர்கால இடைவேளை, ஜனவரியில் பனியால் தள்ளிப்போகும் ஆட்டங்கள். டிக்கெட் வருமானம் ஏறத்தாழ நின்றுவிடும். கோடைப் பணம் தீர்ந்திருக்கும். மே மாத வாக்கில் எல்லாருக்கும் ஆண்டுச் சம்பளத்தில் 8 சதவீதம் விடுமுறைப் படி வேறு சட்டப்படி கொடுக்க வேண்டும். அதற்காக ஒதுக்கி வைத்ததும் செலவாகியிருக்கும்.

நெருக்கடியில் முதலில் தள்ளிப்போடப்படுவது வரி. ஆட்டக்காரருக்குச் சம்பளம் தராவிட்டால் சனிக்கிழமை காலையே செய்தி வெளியே வந்துவிடும். வரித்துறை சில மாதம் பொறுக்கும். ஆனால் டச்சுச் சட்டத்தில் கடன் கொடுத்த மற்றவர்களைவிட வரித்துறைக்கு முன்னுரிமை உண்டு. அது பொறுமை இழக்கும் நாளில் பேருந்துக்காரருக்கும் சலவைக்காரருக்கும் மிஞ்ச எதுவும் இருக்காது. ஹார்லெம் விழுந்தது ஜனவரி 25. மூன்று ஆண்டு கழித்து அப்பல்டோர்னின் ஏ.ஜி.ஓ.வி.வி. விழுந்ததும் ஜனவரியில்தான்.

இதைத் தடுக்கத்தான் கே.என்.வி.பி. என்ற டச்சுக் கால்பந்துச் சங்கத்தின் உரிம முறை இருக்கிறது. கிளப்புகள் தங்கள் கணக்கை ஆண்டுக்கு மூன்று முறை காட்ட வேண்டும். மதிப்பெண்படி மூன்று வகை: 1 என்றால் போதாது, 2 என்றால் பரவாயில்லை, 3 என்றால் நன்று. முதல் வகையில் இருப்பவர் மீட்புத் திட்டம் எழுதிக் கொடுத்து அதன்படி நடக்க வேண்டும். தவறினால் அபராதம், புள்ளி வெட்டு, கடைசியில் உரிமப் பறிப்பு. குறை என்னவென்றால், புள்ளி வெட்டு இறங்கும் அபாயம் இல்லாத லீகில் வலிக்காது. அபராதமோ காசில்லாதவரிடம் காசு கேட்பது.

திவாலான பின் நடப்பது

நீதிமன்றம் ஒரு திவால் நிர்வாகியை நியமிக்கும். அந்த நொடியிலிருந்து கையெழுத்து அவருடையது. கிளப் தலைவருக்கு ஒரு பந்தை விற்கும் அதிகாரம்கூடக் கிடையாது. மேல்முறையீட்டுக்கு 8 நாள். ஒப்பந்தங்களை 6 வாரத்துக்கு மேற்படாத முன்னறிவிப்போடு நிர்வாகி முடிக்கலாம். சம்பளப் பாக்கியில் கடைசி 13 வாரம் வரையிலும், அந்த முன்னறிவிப்புக் காலத்துக்கும் யு.டபிள்யு.வி. என்ற அரசுக் காப்பீட்டு அமைப்பு பணம் தரும். அதனால் ஆட்டக்காரர்களும் அலுவலகப் பணியாளர்களும் உடனே தெருவுக்கு வந்துவிட மாட்டார்கள். ஹார்லெம் விழுந்தது ஜனவரி பரிமாற்றக் காலம் முடியச் சில நாளே இருந்தபோது. வேறு கிளப் தேடுவதற்கு ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவே.

லீக் பக்கம் இன்னொரு சிக்கல். ஒரு கிளப் சீசன் நடுவில் விழுந்தால் அதன் ஆட்டங்கள் நடக்காதவையாகக் கருதப்படும். ஹார்லெமை வென்றவர் 3 புள்ளி இழப்பார். அதனிடம் தோற்றவருக்கு இழப்பில்லை. கடினமான வெளியூர் ஆட்டத்தை வென்று முடித்தவருக்கு இது கசப்பு. இன்னும் ஆடாதவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 20 அணி 19 ஆனது, ஒவ்வொருவருக்கும் 38 ஆட்டம் 36 ஆனது.

அந்த சீசனின் முடிவில்தான், 39 ஆண்டுக்குப் பிறகு, இரண்டாம் பிரிவிலிருந்து கீழே இறக்கும் முறை தொடங்கியது. கீழே டாப்கிளாசெ என்ற புதிய அமெச்சூர் பிரிவு உருவானது. ஹார்லெம் போய்விட்டதால் எஃப்.சி. ஓஸ் மட்டும் இறங்கியது. 2010-11 சீசன் 18 அணிகளோடு தொடங்கியது. ஓஸ் கீழே ஓர் ஆண்டு ஆடி உடனே மேலே திரும்பியது. 39 ஆண்டாக ஹார்லெமுக்குத் திறக்காமலிருந்த கதவு, அது விழுந்த சில மாதத்தில் திறந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது.

2011இல் ஆர்.பி.சி. ரோசண்டால், 2013இல் ஏ.ஜி.ஓ.வி.வி., அடுத்து வீன்டம் என்று வரிசையாகத் திவாலானார்கள். காலியான இடங்களை நிரப்ப 2013இல் ஆயாக்ஸ், பி.எஸ்.வி., ட்வென்ட்டெ ஆகியவற்றின் இளைஞர் அணிகளைச் சேர்த்தார்கள். ஊர்க் கிளப் இருந்த இடத்தில் பெரிய கிளப்பின் பயிற்சி அணி வந்தது.

பத்து கிலோமீட்டரில் இன்னொரு அணி

ஊர் சிறியது, அதனால் விழுந்தது என்று சொல்பவர்கள் ஹார்லெமுக்கு வடக்கே பார்க்க வேண்டும். வெல்சனின் டெல்ஸ்டார் 1963இல் வி.எஸ்.வி., ஸ்டார்ம்ஃபோகல்ஸ் என்ற இரு அணிகளின் தொழில்முறைப் பிரிவுகள் இணைந்து பிறந்தது. முந்தைய ஆண்டு விண்ணில் ஏவிய தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் பெயரை வைத்துக்கொண்டது. 1978இல் முதல் பிரிவிலிருந்து இறங்கி, ஹார்லெம் போலவே அடிவரிசையில் பல ஆண்டு கிடந்தது. ஹார்லெமோடு இணைப்பதாகவும் பேச்சு அடிபட்டது, நடக்கவில்லை.

அது பிழைத்ததற்கு எங்களுக்குத் தெரியும் காரணம் ஊரின் தன்மை. பக்கத்தில் எய்மைடன் எஃகு ஆலை. 2007இல் அதைத் தாட்டா ஸ்டீல் வாங்கியது. சில ஆண்டுகள் டெல்ஸ்டாரின் மைதானத்துக்கே அந்தப் பெயர் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கும் துறைமுகக்காரருக்கும் அது தங்கள் அணி. ஹார்லெம் வசதியான நகரம், கலையரங்கும் அருங்காட்சியகமும் உள்ள ஊர். கால்பந்து பார்க்க ஆம்ஸ்டர்டாம் ரயில் இருந்தது. இருபதாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே உள்ள ஃபோலன்டம் மீனவ ஊரும் இன்றுவரை தன் தொழில்முறை அணியை விடவில்லை. 2025இல் டெல்ஸ்டார் தகுதிச் சுற்றில் 'வில்லெம் II' என்ற அணியை வென்று 47 ஆண்டுக்குப் பின் ஏரெடிவிசிக்கு ஏறியது.

ஹார்லெமின் அமெச்சூர் பிரிவு 2010இல் எச்.எஃப்.சி. கென்னமர்லாண்டோடு இணைந்து ஹார்லெம் கென்னமர்லாண்ட் ஆனது. ஊரில் இப்போது தொழில்முறை அணி இல்லை. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று பழைய கோனிங்க்லெக்க எச்.எஃப்.சி. மைதானத்தில், நெதர்லாந்தின் முன்னாள் தேசிய ஆட்டக்காரர்கள் அந்தக் கிளப்போடு புத்தாண்டு ஆட்டம் ஆடுகிறார்கள். ஹார்லெம்காரர்கள் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துண்டுமாக வந்து கோட்டோரம் நின்று பார்க்கிறார்கள்.